கோப்புகளை மட்டும் தொடலாம்

1416128883. இந்த எண்ணை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை, ஆனாலும் மறக்கவில்லை. ஒரு சர்வரில் எனக்குப் புதிதாகக் கணக்குத் தந்திருந்தார்கள். என் சாவியை அனுப்பியாயிற்று, சர்வரின் அடையாளமான கைரேகை எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. கோப்புகளைப் பூட்டிய வழியில் ஏற்றவும் இறக்கவும் உதவும் எஸ்எஃப்டிபி கட்டளையைத் தட்டியதும் ஒரே ஒரு வரி வந்தது, இணைப்பு அறுந்தது. 'ரிசீவ்ட் மெசேஜ் டூ லாங்', அதன் பக்கத்தில் இந்த எண். வந்த செய்தி அளவுக்கு மீறி நீளமாம். நான் இன்னும் ஒரு கோப்பைக்கூடக் கேட்கவில்லை. கதவைத் தட்டியதற்கே நூற்று நாற்பத்தொரு கோடி பைட்டுக்கு மேல் பதில் சொல்ல அந்த சர்வருக்கு என்ன இருக்கும் என்று புரியாமல் திரும்பத் திரும்ப முயன்றேன். ஒவ்வொரு முறையும் அதே எண். ஒரு இலக்கம்கூட மாறவில்லை.

மாறாமல் வந்ததுதான் துப்பு. எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு செய்தியும் முதலில் தன் நீளத்தைச் சொல்லும். அதற்கு நான்கு பைட். என் பக்கத்து நிரல் வந்ததில் முதல் நான்கு பைட்டை எடுத்து எண்ணாக வாசித்திருக்கிறது. அப்படியானால் அந்த நான்கு பைட்டில் நிஜமாக இருந்தது என்ன? எண்ணைப் பதினாறடிமான முறைக்கு மாற்றினேன்: 54, 68, 69, 73. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் இவை நான்கு ஆங்கில எழுத்துகள். டி, ஹெச், ஐ, எஸ். சேர்த்து வாசித்தால் 'திஸ்'. உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'திஸ் அக்கவுண்ட் ஈஸ் கரண்ட்லி நாட் அவைலபிள்' என்ற வாக்கியத்தின் முதல் சொல் அது. யாரும் உள்ளே வந்து உட்காரக் கூடாத கணக்குகளுக்கு கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குப் பதிலாக நோலாகின் என்ற குட்டி நிரலை வைப்பார்கள். அது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு விடைபெற்றுக்கொள்ளும். சர்வர் என்னிடம் ஒரு வாக்கியம் பேசியிருக்கிறது, நடுவில் இருந்த நிரல் அதை எண்ணாக்கிக் கொடுத்திருக்கிறது.

அட்மினுக்கு எழுதினேன். அவர் பக்கத்தில் எஸ்எஃப்டிபி சர்வர் தனி நிரலாக இருந்தது. தனி நிரல் என்றால் அது பயனரின் ஷெல் வழியாகத்தான் தொடங்கும். ஷெல் இருக்க வேண்டிய இடத்தில் நோலாகின் இருந்ததால் அது முந்திக்கொண்டு பேசிவிட்டது. தூரத்துக் கணினிக்குப் பூட்டிய வழி தரும் எஸ்எஸ்ஹெச் சேவைக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும் 'இன்டர்னல் எஸ்எஃப்டிபி'க்கு ஷெல்லே தேவையில்லை. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினார், இணைப்பு அறுபடாமல் நிலைத்தது. அதே கடிதத்தில் நான் இன்னொன்றும் கேட்டிருந்தேன்: சாதாரண ஷெல் தர முடியுமா, எனக்கு வேலை சுலபமாக இருக்குமே என்று. அதற்கு அவர் பதில் இரண்டு வரி. "உங்களுக்கு வேண்டியது கோப்புகள்தானே? அவற்றை முழுக்கத் தந்திருக்கிறேன்."

அந்த இரண்டு வரி எனக்கு உறுத்தியது. பல வருடமாகச் சர்வர்களோடு புழங்குகிறவன் நான். என்ன, எதையாவது அழித்துவிடுவேனா? நம்பவில்லை என்றால் ஏன் கூப்பிட வேண்டும்? இப்படியே மனசுக்குள் வாதாடிக்கொண்டு அந்த வேலையைத் தொடங்கினேன். அந்த உறுத்தல் தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தீர்ந்த விதத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெயரிலேயே ஷெல் இருக்கிறதே

என் முதல் வாதம் பெயரை வைத்தே எழுந்தது. எஸ்எஸ்ஹெச் என்றாலே 'செக்யூர் ஷெல்'. ஷெல் இல்லாமல் எஸ்எஸ்ஹெச் கணக்குத் தருவது எப்படி? 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்களை வலையமைப்பில் ஒட்டுக்கேட்டுத் திருடிய சம்பவத்துக்குப் பிறகு டாட்டு இலோனென் இதை எழுதினார். அன்றைக்குத் தூரத்துக் கணினிகளோடு பேச இருந்த டெல்நெட், ஆர்லாகின், ஆர்சிபி எல்லாம் கடவுச்சொல்லையோ கோப்பையோ மூடாமலே அனுப்பிக்கொண்டிருந்தன. அவற்றின் இடத்தில் உட்கார ஒன்று வேண்டியிருந்தது. 21 எஃப்டிபிக்கு, 23 டெல்நெட்டுக்கு என்று இருந்த இரண்டு வாசல்களுக்கு (போர்ட்) நடுவே காலியாக இருந்த 22ஐ அவர் கேட்டு வாங்கிய விதமே அந்த எண்ணத்தைச் சொல்கிறது. ஒரு பக்கம் கோப்பு, ஒரு பக்கம் முனையம், இரண்டையும் பூட்டிய வழியில் தருவது.

2006 ஜனவரியில் வந்த எஸ்எஸ்ஹெச்சின் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 4254 ஆவணத்தை ஒரு நாள் பொறுமையாக வாசித்தபோதுதான் என் வாதம் ஆட்டம் கண்டது. ஒரு அமர்வு திறந்த பிறகு பயனர் பக்கம் மூன்றில் ஒன்றைக் கேட்கலாம் என்கிறது அது. ஷெல் கொடு என்று கேட்கலாம். இந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட்டு என்று கேட்கலாம். இல்லையென்றால் இன்ன துணை அமைப்பைத் தொடங்கு என்று கேட்கலாம். எஸ்எஃப்டிபி மூன்றாவது வகை. மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஷெல் தான் மூலம், மற்றதெல்லாம் அதன் கிளை என்று நான் இத்தனை காலம் மனசில் வரைந்து வைத்திருந்த படம் அங்கே இல்லவே இல்லை. எனக்கு வெட்டிக் குறைத்த கணக்கு தரவில்லை. மூன்று கதவில் ஒரு கதவைத் திறந்திருக்கிறார்கள்.

புத்திக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். பழைய எஸ்சிபி, மறுமுனையிலும் எஸ்சிபி நிரலை ஓட்டச் சொல்லிக் கேட்கும் சாதனம். ஆர்சிபியிடமிருந்து வந்த பழக்கம் அது. அதாவது இரண்டாவது கதவு. 'இந்தச் சேவை எஸ்எஃப்டிபி இணைப்புகளை மட்டுமே ஏற்கும்' என்று பதில் வந்தது. (எஸ்எஸ்ஹெச்சைச் செயல்படுத்தும் நிரலான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின், 2022 ஏப்ரலில் வந்த 9.0 பதிப்பு முதல் எஸ்சிபி கட்டளையே உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியில்தான் பேசுகிறது. என் கணினியில் இருந்தது அதற்கு முந்தியது. இன்று அதே கட்டளை அங்கே ஓடுகிறது.) மாறியதை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க்கும் மறுமுனையில் ஆர்சிங்க் வேண்டும் என்றது. நான் தினமும் பயன்படுத்தும் எடிட்டரின் தொலைவசதியோ சர்வரில் தன் பாதியை நிறுவிக்கொண்டுதான் வேலை செய்யும். அதற்கும் ஷெல் வேண்டும். கடைசியாக எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் கைகொடுத்தது. தூரத்துக் கோப்புறையை என் கணினியிலேயே ஒரு கோப்புறை மாதிரி ஏற்றி வைத்துவிடும். உள்ளே பேசுவது சுத்தமான எஸ்எஃப்டிபி. அப்பாடா என்று இருந்தது. இனி எப்போதும்போல வேலை செய்யலாம், அங்கே ஷெல் இல்லை என்பதையே மறந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த மறதிதான் கடைசியில் வினையாக வந்தது.

பூஜ்யம் பைட்

என் வேலை இதுதான். ஏறத்தாழ 2000 சின்ன உரைக் கோப்புகள், அவற்றுக்கெல்லாம் தலைப்பும் இடமும் சொல்லும் ஒரு அட்டவணைக் கோப்பு. ஒரு சேவை சில நிமிடத்துக்கு ஒருமுறை அட்டவணையை வாசித்து மக்களுக்குக் காட்டும். கோப்புகளைத் திருத்துவது, சேர்ப்பது, பிழை பார்ப்பது எல்லாம் நான்.

ஏற்றிய கோப்புறையில் வேலை செய்வது வெளிப்பார்வைக்குச் சுகமாக இருந்தது. மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். மெதுவாக இருந்ததற்குக் காரணம் அலைவரிசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; உண்மையில் போய்வரும் நேரம். அந்த சர்வருக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் வர 200 மில்லிவிநாடி ஆகும். ஒரு கோப்பைத் திறக்க ஒரு பயணம், எழுத ஒன்று, மூட ஒன்று என்று குறைந்தது மூன்று வைத்தாலும் ஒரு கோப்புக்கு 0.6 விநாடி. 2000 கோப்புக்கு 1200 விநாடி, அதாவது இருபது நிமிடம். ஒவ்வொரு கோப்பும் ஒரு கிலோபைட்தான் என்றாலும் அதே இருபது நிமிடம்தான். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போது எஸ்எஃப்டிபி நிரல் பதிலுக்குக் காத்திராமல் பல துண்டுகளை வரிசையாக விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் அங்கே இந்த வலி தெரியாது. சின்னக் கோப்புகள்தான் கொல்லும்.

ஒரு இரவு பதினொரு மணி இருக்கும். அட்டவணையில் ஒரு தலைப்பில் எழுத்துப்பிழை. ஒரே ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. கோப்பைத் திறந்தேன், ஒற்றைச் சேர்த்தேன், சேமி என்று அழுத்தினேன். எடிட்டர் அப்படியே நின்றது. வீட்டு வைஃபை அந்த நொடியில் போய்விட்டிருந்தது. கர்சர் துடிக்கவில்லை, விசைகள் எதற்கும் பதில் இல்லை, இன்னொரு ஜன்னலில் அந்தக் கோப்புறையை எட்டிப் பார்க்கப் போனால் அதுவும் உறைந்தது. வைஃபை திரும்பி வந்த பிறகும் விடுபடவில்லை. எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் தானாக மறுபடி இணையாது, அப்படிச் செய் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். நான் சொல்லி வைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடிட்டரை வலுக்கட்டாயமாக நிறுத்தினேன், கோப்புறையைக் கழற்றித் திரும்ப ஏற்றினேன், பட்டியலைப் பார்த்தேன். அட்டவணைக் கோப்பு இருந்தது. அதன் அளவு இருக்க வேண்டிய இடத்தில் 0.

என்ன நடந்தது என்பதைப் பிறகு வரிசையாகப் புரிந்துகொண்டேன். அந்த எடிட்டர் சேமிக்கும்போது அதே கோப்பை 'உள்ளதைக் காலி செய்துவிட்டுத் திற' என்ற கோரிக்கையோடு திறக்கிறது. அந்தக் கோரிக்கை உடனே சர்வருக்குப் போய்விட்டது, சர்வரும் சொன்னபடி காலி செய்துவிட்டது. புதிய உள்ளடக்கம் அடுத்த கோரிக்கையில் போக வேண்டும். அதற்குள் வழி அறுந்தது. சொந்தக் கணினியின் வட்டில் இந்த இரண்டு நொடிகளுக்கு நடுவே இடைவெளி இல்லை என்றே சொல்லலாம். 200 மில்லிவிநாடி தூரத்தில் அந்த இடைவெளி ஒரு ஆள் விழுந்துபோகும் அளவுக்கு அகலம். உள்ளடக்கம் இருந்த கடைசி இடம் எடிட்டரின் நினைவகம். அதை நானே நிறுத்தியிருந்தேன். எடிட்டர் அவசரத்துக்கு எழுதி வைக்கும் நகலும் அதே தூரத்துக் கோப்புறையில்தான் இருந்திருக்க வேண்டும். அங்கே உருப்படியாக ஒன்றும் இல்லை.

சேவை அடுத்த முறை வாசித்தபோது வெற்று அட்டவணை கிடைத்தது. அதை அப்படியே காட்டியது. எல்லாத் தலைப்பும் போயிற்று. ஷெல் இருந்தால் எங்காவது பழைய நகல் இருக்கிறதா என்று தேடியிருப்பேன், கோப்புகளை வைத்து அட்டவணையை அங்கேயே உருவாக்க ஒரு சின்ன நிரல் எழுதியிருப்பேன். எனக்கு இருந்தது எடு, வை, பெயர் மாற்று, அழி. என் கணினியில் ஏதோ காரணத்துக்காக ஒன்பது நாள் முந்தி இறக்கிய பிரதி ஒன்று கிடந்தது. அதை ஏற்றிவிட்டு, அந்த ஒன்பது நாளில் சேர்த்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து தலைப்பைப் பார்த்து வரிகளைச் சேர்த்தேன். கை நடுங்கியது. முடிக்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

காலையில் அட்மினுக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் எழுதியது: "தினமும் இரவு நகல் எடுக்கிறோம். எழுப்பியிருந்தால் எடுத்துத் தந்திருப்பேன். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கோப்பின் அசல் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?"

அசல் எங்கே

சர்வரில்தான் என்று சட்டென்று எழுதப் போனேன். எழுதாமல் கையை எடுத்துவிட்டேன். அங்கே அந்தக் கோப்பை வாசிக்க எனக்குக் கருவி இல்லை. ஒப்பிட இல்லை, தேட இல்லை, நேற்று எப்படி இருந்தது என்று பார்க்க இல்லை. இதில் எதுவுமே செய்ய முடியாத இடத்தில் அசலை வைத்துக்கொண்டு, எல்லாம் செய்யக்கூடிய என் கணினியில் ஒன்றுமே வைக்காமல் இருந்திருக்கிறேன். ஒரு வருடமாக நான் செய்தது, ஷெல் கணக்கு ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு நடித்தது. எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் அந்த நடிப்புக்கு ஒத்துழைத்தது, அவ்வளவுதான்.

அன்றே எல்லாக் கோப்பையும் இறக்கி என் கணினியில், பழைய பதிப்புகளையும் காத்துவைக்கும் கிட் களஞ்சியம் ஒன்றில் போட்டேன். அசல் இனி இங்கே. சர்வரில் இருப்பது பிரசுரமான பிரதி. திருத்தம், தேடல், ஒப்பீடு, பிழை பார்த்தல் எல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் வைப்பது மட்டும். மாறியவற்றை மட்டும் அனுப்ப எல்எஃப்டிபியின் மிரர் கட்டளை போதும், ஆர்குளோனும் செய்யும். இரண்டுக்கும் எஸ்எஃப்டிபி போதும், மறுமுனையில் எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வரில் சரிபார்ப்புத் தொகை (உள்ளடக்கத்திலிருந்து பெறும் ஒப்பீட்டு எண்) கணக்கிடக் கட்டளை ஓட்ட முடியாது என்பதால் அவை அளவையும் நேரத்தையும் வைத்துத்தான் எது மாறியது என்று தீர்மானிக்கும். ஆகவே கைப்பட ஏற்றும்போதும் கோப்பின் நேரத்தைக் காக்கும் விருப்பத்தைச் சேர்த்தே ஏற்றுகிறேன். எந்த ஏற்றத்துக்கும் முன்னால் உலர் ஓட்டம் ஒன்று; எவையெல்லாம் போகப்போகின்றன என்ற பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிஜ ஓட்டம். இருபது நிமிடப் பிரச்சினையும் தானாகவே போய்விட்டது, ஏனென்றால் ஒரு நாளில் பத்துக் கோப்புக்கு மேல் மாறுவதே இல்லை.

அட்டவணைக் கோப்புக்கு மட்டும் தனி மரியாதை. அதன் மேல் நேரடியாக எழுதவே மாட்டேன். பக்கத்தில் வேறு பெயரில் ஏற்றுவேன், அதன் அளவு என் பக்கத்து அளவோடு பைட் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன், அப்புறம் பெயர் மாற்றம். வழியில் எழுத்து சிதையுமோ என்ற பயம் எனக்கில்லை. எஸ்எஸ்ஹெச் ஒவ்வொரு பொட்டலத்தையும் சரிபார்த்தே ஏற்கிறது. பயப்பட வேண்டியது பாதியில் நிற்பதற்கும், அங்கே வட்டு நிரம்பியிருப்பதற்கும்தான். அளவு பார்த்தால் முதலாவது தெரிந்துவிடும். இரண்டாவதற்கு எஸ்எஃப்டிபிக்குள்ளேயே டிஎஃப் கட்டளை இருக்கிறது, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர் என்றால் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லிவிடும். சந்தேகம் தீராவிட்டால் ஏற்றியதையே திரும்ப இறக்கி இங்கே ஒப்பிடலாம், சின்னக் கோப்புக்கு அது ஒரு பாரமே இல்லை.

இந்தப் பெயர் மாற்றத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு அதில் தனிப் பிரியம். எஸ்எஃப்டிபி முறையான ஆர்எஃப்சியாக ஆகவே இல்லை. வரைவுகள் வந்துகொண்டே இருந்து காலாவதியாகிவிட்டன. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இன்றும் 3ஆம் பதிப்பில்தான் நிற்கிறது. அந்தப் பதிப்பின் பெயர் மாற்றக் கோரிக்கை, அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் மறுத்துவிடும். ஆகவே பழையதை அழித்துவிட்டுப் புதியதன் பெயரை மாற்ற வேண்டிவரும். அழித்ததற்கும் மாற்றியதற்கும் நடுவே மறுபடி அதே பள்ளம்! இதற்காகவே ஓப்பன்எஸ்எஸ்ஹெச் தன் சொந்த நீட்டிப்பு ஒன்றை வைத்திருக்கிறது: இருப்பதன் மேலேயே ஒரே அடியில் பெயரை மாற்றுவது, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொது விதியான போசிக்ஸ் சொல்கிற மாதிரி. இரண்டு பக்கமும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சாக இருந்தால் ரீனேம் கட்டளை அதைத்தான் பயன்படுத்தும். அட்டவணையை வாசிக்கும் சேவை பழைய கோப்பை முழுசாகப் பார்க்கும், இல்லையென்றால் புதியதை முழுசாகப் பார்க்கும். நடுவில் ஒன்றும் இல்லை. மறுபக்கம் வேறு சர்வர் நிரல் என்றால் இதை முதலில் ஒரு போலிக் கோப்பில் சோதித்துவிடுவது நல்லது.

இந்த வேலைகளை ஒரு தொகுதிக் கோப்பாக எழுதி எஸ்எஃப்டிபிக்குக் கொடுக்கிறேன். ஏற்று, பட்டியல் காட்டு, பெயர் மாற்று என்று வரிக்கு ஒன்று. தொகுதியாக ஓடும்போது ஏற்றமோ பெயர் மாற்றமோ எந்த வரி தோற்றாலும் அங்கேயே நின்றுவிடும். தோற்றாலும் பரவாயில்லை என்ற வரிக்கு முன்னால் மட்டும் ஒரு கழித்தல் குறி. ஏற்றம் தோற்றால் பெயர் மாற்றம் நடக்காது என்பது இப்படி உறுதியாகிறது. ஷெல்லில் சரசரவென்று தட்டிய நாட்களில் எந்த வரி தோற்றால் எது நிற்க வேண்டும் என்று நான் யோசித்ததே கிடையாது.

பதிவேட்டின் வால்

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு வேறு. சேவையின் பதிவேட்டுக் கோப்பை வாசிக்க மட்டும் எனக்கு அனுமதி உண்டு. 800 மெகாபைட் இருக்கும். எனக்கு வேண்டியது கடைசி நூறு வரி. முழுசாக இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்று பல மாதம் இறக்கிக்கொண்டிருந்தேன். எஸ்எஃப்டிபியின் வாசிப்புக் கோரிக்கையில் 'எங்கிருந்து, எவ்வளவு' என்ற இரண்டு எண்களும் இருக்கின்றன என்பது ஒரு நாள் உறைத்தது. அப்படியானால் கோப்பின் நடுவிலிருந்தோ முடிவிலிருந்தோ வாசிக்க எந்தத் தடையும் இல்லை. எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்ஸில் ஏற்றிய கோப்பின் மேல், கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கட்டளையைப் போட்டேன், கண்ணிமைக்கும் நேரத்தில் கடைசி வரிகள் வந்தன. டெயில் நேராகக் கோப்பின் முடிவுக்குப் போய் அந்தத் துண்டை மட்டும் கேட்கிறது. அதே கோப்பின் மேல், சொல்லைத் தேடும் கிரெப் போட்டால் 800 மெகாபைட்டும் வலையைக் கடந்து வந்தாக வேண்டும். இரண்டும் டெர்மினலில் ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்று கைப்பிடி மண், ஒன்று மலை.

அதன் தொடர்ச்சியாக இன்னொன்று. பாதியில் நின்ற இறக்கத்தைத் தொடர ரீகெட் என்ற கட்டளை இருக்கிறது. என்னிடம் இருக்கும் கோப்பின் அளவைப் பார்த்து, அதற்கு அடுத்த பைட்டிலிருந்து கேட்கும். பதிவேடு என்பது வால் மட்டுமே வளரும் கோப்பு. நேற்று முழுசாக இறக்கியதை இன்று 'பாதியில் நின்றது' என்று வைத்துக்கொண்டால், ரீகெட் இன்று சேர்ந்த வரிகளை மட்டும் கொண்டுவந்து ஒட்டிவிடும். தினமும் காலையில் சில விநாடியில் பதிவேடு முழுவதும் என் கணினியில். ஏற்கெனவே இருக்கும் பகுதி ஒத்துப்போகிறதா என்று ரீகெட் பார்க்காது. அதனால் நடுவில் திருத்தப்படும் கோப்புகளுக்கு இது ஆகாது, பதிவேட்டைச் சுழற்றிப் புதிதாகத் தொடங்கும் நாளில் கவனம் வேண்டும். மற்ற நாட்களில் இதைவிடச் சுகமான வழி எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் நின்றபோது

போன வருடம் நிலைமை மாறியது. அட்மின் வேறு பொறுப்புக்குப் போனார். அந்தச் சர்வரின் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு முழு ஷெல்லும் கிடைத்தது. உரைக் கோப்புகளில் உதவ இன்னொருவர் சேர்ந்தார், அவருக்குக் கணக்குத் திறக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டேன். ஷெல் கொடுப்பது ஒரு வரி வேலை. கொடுத்தால் அவர் அங்கே வேறு யாருடைய எதையெல்லாம் வாசிக்க முடியும், எந்த நிரலை ஓட்ட முடியும், அவருடைய மடிக்கணினி தொலைந்தால் அந்தச் சாவி யார் கையில் என்னவாகும் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். அவரை நான் முழுசாக நம்புகிறேன். பட்டியலில் இருந்த ஒன்றுகூட அவருடைய நல்லெண்ணத்தைப் பற்றியது இல்லை. பழைய அட்மினின் அந்த இரண்டு வரி அன்றைக்குத்தான் எனக்குள் சமாதானமாகப் போய் உட்கார்ந்தது.

எனக்கு அமைத்த மாதிரியே அவருக்கும் அமைத்தேன். கட்டாயக் கட்டளையாக இன்டர்னல் எஸ்எஃப்டிபி, அவருடைய கோப்புறையே உலகம் என்று காட்டும் சீரூட், வேறு இணைப்புகளை இதன் வழியாகக் கடத்தும் வழித்திருப்பல் எல்லாம் மூடல். முதல் முயற்சியிலேயே இணைப்பு அறுந்தது. சர்வரின் பதிவேட்டில் காரணம் இருந்தது: சீரூட் கோப்புறையின் உரிமை சரியில்லை. அந்தக் கோப்புறையும் அதற்கு மேலே வேர் வரையுள்ள ஒவ்வொன்றும் சர்வரின் முழு அதிகாரக் கணக்கான ரூட்டுக்கே சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாரும் அதில் எழுதக் கூடாது. இல்லையென்றால் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் உள்ளேயே விடாது. தன் உலகத்தின் வேரிலேயே எழுதும் உரிமை ஒருவருக்கு இருந்தால், கடவுச்சொல் பட்டியல் மாதிரி நிரல்கள் நம்பி வாசிக்கும் கோப்புகளை அவரே புனைந்து வைத்துவிடலாம். அதனால் அவருக்கென்று உள்ளே ஒரு கோப்புறை தனியாகச் செய்து, அதில் மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தேன்.

பிறகு அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு யாரும் எழுதாத கடிதம் அது, அதனால் நீளமாகவே எழுதினேன். சர்வரின் கைரேகை இது, ஒப்பிட்டுப் பார்த்த பிறகு 'ஆம்' என்று சொல்லுங்கள். உள்ளே வந்ததும் முதலில் தெரிவது பூட்டிய கோப்புறை, அதற்குள் இருப்பதுதான் உங்களுடையது. பட்டியலில் உரிமையாளர் பெயருக்குப் பதிலாக எண் தெரியும், கவலைப்படாதீர்கள்; உங்கள் உலகத்துக்குள் பெயர்ப்பட்டியல் கிடையாது, அதனால்தான். இன்னின்னவற்றுக்கு ஷெல் தேவைப்படும் என்று தோன்றும், ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி இது. அசலை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையின் மேல் நேராக எழுதாதீர்கள். பதினொரு மணி இரவுக் கதையையும் சொன்னேன். கடைசியில், இதில் எது இடைஞ்சலாக இருந்தாலும் எந்த நேரத்திலும் என்னை எழுப்பலாம் என்று எழுதினேன்.

மறுநாள் மாலை அவர் முதல் திருத்தத்தை ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். நான் அந்தக் கோப்புறையைத் திறந்து வைத்து, விநாடிக்கு ஒருமுறை பட்டியல் புதுப்பிக்கும்படி விட்டிருந்தேன். முதலில் அட்டவணை மட்டும் இருந்தது. பிறகு அதன் கீழே 'புதிது' என்று முடியும் இன்னொரு பெயர் தோன்றியது, அளவு 0. அடுத்த விநாடி முழு அளவு. அப்படியே இருந்தது. ஐந்து விநாடி, பத்து விநாடி. அந்தப் பக்கம் அவர் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் 'புதிது' மறைந்தது. அட்டவணையின் நேரம் மாறியிருந்தது.